நாலு பேரின் மூச்சு

ஒரு மழைக்காலம் முழுக்க எங்கள் வீட்டு முன்னறையில் நான்கு வெள்ளைக்காரர்கள் குடியிருந்தார்கள். இரண்டு பேர் கையில் பிடில். மூன்றாமவர் கையில் அதைவிடக் கொஞ்சம் பெரிய பிடில். நான்காமவர் நாற்காலியில் உட்கார்ந்து, கால்களுக்கு நடுவே நிறுத்திவைத்து வாசிக்கிற பெரும் பிடில். சோறு கேட்கமாட்டார்கள், தண்ணீர் கேட்கமாட்டார்கள், ஆனால் சத்தம் மட்டும் அவர்களுக்கு ஆகாது. அவர்கள் வாசிக்கிற நேரத்தில் அம்மா குக்கர் வைக்கக்கூடாது, தாளிக்கக்கூடாது, பக்கத்து வீட்டுக்காரியோடு சுவருக்கு மேலாகப் பேசக்கூடாது. நாலு பேருக்கும் சேர்த்து உலை வைக்கட்டுமா என்று தினமும் கேட்டுக்கொண்டேதான் அம்மா அடுப்பை அணைப்பாள்.

அவர்கள் இருந்தது இசைத்தட்டுக்குள். சுரங்கத் தொழிலாளர் வீடுகள் வரிசையாக இருந்த எங்கள் லைனுக்கு மேலே மேட்டில் இருந்த வீட்டில் ஆங்கிலோ இந்தியன் ஃபோர்மேன் ஒருவர் இருந்தார். குடும்பத்தோடு ஆஸ்திரேலியாவுக்குக் கிளம்பினபோது கட்டில், பீரோ, கோழிக்கூண்டு எல்லாவற்றையும் வேண்டியவர்களுக்குக் கொடுத்துவிட்டார். ஜனங்கள் ஆளுக்கொன்றாகத் தூக்கிக்கொண்டு போனார்கள். ரெக்கார்டு பிளேயரையும் ஒரு பெட்டி நிறைய இருந்த தட்டுகளையும் மட்டும் யாரும் சீண்டவில்லை. ஒன்றைப் போட்டுப் பார்த்திருக்கிறார்கள். பாட்டே வரவில்லை, வெறும் பிடில்தான் இழுக்கிறான் என்று வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். கடைசியாகப் போன எங்கள் நைனா, வெறுங்கையோடு திரும்பக்கூடாதே என்று அதைத் தலையில் வைத்துக்கொண்டு வந்தார். அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம்.

தட்டுகளின் அட்டை உறைகள் கரையான் அரித்துக் கிடந்தன. அம்மா திட்டிக்கொண்டே என் பள்ளிக்கூட நோட்டுக்குப் போட வைத்திருந்த பழுப்புக் காகிதத்தில் எல்லாவற்றுக்கும் உறை தைத்தாள். தட்டின் நடுவே ஒட்டியிருந்ததோ புரியாத பாஷை, அதனால் யார் வாசித்தது, யார் எழுதியது என்று எங்களுக்குக் கடைசிவரை தெரியாது. நாலு பேர் தட்டு, அவ்வளவுதான். இப்போது பெங்களூரில் இதையெல்லாம் பெயர் பெயராக அடுக்கிப் பேசுகிறவர்களைப் பார்க்கும்போது எனக்குச் சிரிப்பு வரும். பேரே தெரியாமல் நாங்கள் கேட்டதற்கு இவர்கள் கிட்டேகூட வரமுடியாது என்று ஒரு திமிர்.

நைனா எப்படிக் கேட்டார் என்று சொல்ல வேண்டுமானால் அவருடைய வேலையைச் சொல்ல வேண்டும். மைசூர் மைன்ஸ் பக்கம், தங்கச் சுரங்கத்துக்குள் நேராக இறங்குகிற ஒரு ஷாஃப்டில் அவர் வைண்டர் டிரைவர். பூமிக்குள் ஆட்களை இறக்கி ஏற்றுகிற கூண்டுக்கு கேஜ் என்று பெயர். அந்த கேஜைக் கட்டியிருக்கிற இரும்புக் கயிற்றை ஓட்டுகிற எஞ்சின் நைனா கையில் இருந்தது. கேஜ் அவர் கண்ணுக்குத் தெரியாது. எஞ்சின் அறையில் நாற்காலியில் உட்கார்ந்து, கேஜ் பக்கம் நிற்கிற ஆள் அடிக்கிற மணியைத்தான் கேட்பார். ஓடும்போது ஒன்று அடித்தால் நிறுத்து. இரண்டு அடித்தால் இறக்கு. மூன்று அடித்தால் கேஜுக்குள் ஆட்கள் இருக்கிறார்கள், பார்த்து மெதுவாக. என் வகுப்பில் பாதிப் பேருடைய அப்பாக்கள் கீழே போனார்கள். உங்க அப்பாவை எங்க நைனாதான் இறக்குறாரு, எங்க நைனாதான் ஏத்துறாரு என்று நான் எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தேன். ஒன்பது வயதில் எனக்கு இருந்த ஒரே சொத்து அந்த நாற்காலி.

அதனால் நாலு பேர் தட்டை முதல் முறை கேட்டதும் நைனாவுக்கு வந்த சந்தேகம் வேறு யாருக்கும் வந்திருக்காது. நான்கு பேரும் ஒரே நேரத்தில் ஆரம்பிக்கிறார்களே, இவர்களுக்கு யார் மணி அடிக்கிறது? தாளம் போடுகிறவன் கிடையாது, எண்ணுகிறவன் கிடையாது. ஒரு வாரம் காதை ஸ்பீக்கரோடு ஒட்டி வைத்துக்கொண்டு தேடினார். ஒரு நாள் சமையலறையிலிருந்து அம்மாவைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தார். முள்ளை மறுபடி வைத்து, இப்பக் கேளு என்றார். முதல் பிடில்காரர், வில் தந்தியில் படுவதற்கு முன்னால், மூக்கால் ஒரு மூச்சை இழுத்தார். சின்ன மூச்சு. அந்த மூச்சில்தான் நான்கு பேரும் இறங்கினார்கள்.

"அதான் மணி," என்றார் நைனா.

அம்மா, இதுக்கா கொழம்பை வுட்டுட்டு வந்தேன் என்று திரும்பிப் போய்விட்டாள். நான் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

எந்த ஊரில், எந்த அறையில் வைத்துப் பதிவு செய்தார்களோ, அவர்கள் கையைக் கும்பிட வேண்டும். ஒரு நாற்காலி லேசாகக் கிரீச்சிடுவதுகூடக் கேட்கும். ஒருவர் காகிதத்தைத் திருப்புவது கேட்கும். வில்லின் மயிர் தந்தியைத் தொட்டு, சத்தமாக மாறுவதற்கு முன்னால் வருகிற ஒரு சின்ன உரசல் கேட்கும். பெரும் பிடில் இறங்கி வாசித்தால் நான் உட்கார்ந்திருந்த சிமெண்டுத் தரை அதிர்வது போலிருக்கும். நைனா இரண்டு ஸ்பீக்கரையும் அறையின் இரண்டு மூலையில் வைத்து, இவர் இங்கே, அவர் அங்கே என்று தரையில் இடம் காட்டினார். உண்மையில் அப்படித்தான் கேட்டது. அந்த நான்கு இடங்களையும் மிதிக்காமல் நான் சுவரோரமாகச் சுற்றித்தான் சமையலறைக்குப் போவேன். பூமிக்கடியில் வெடி வைக்கும்போது வீடு ஒரு குலுக்கல் குலுங்கும், முள் துள்ளிவிடும். அதற்காக மேசையின் கால்களுக்குக் கீழே பழைய ரப்பர் பெல்ட்டை வெட்டி வைத்திருந்தார்.

எல்லாத் தட்டிலும் ஒரு மெதுவான பகுதி வரும். அங்கே நாலு பேரும் சண்டை போட்டு ஓய்ந்தவர்கள் மாதிரி, ஒருவர் பேச மற்றவர்கள் காத்திருந்து கேட்பார்கள். அதைக் கேட்கும்போது எனக்கு ஏனோ எல்லோரையும் பிடித்துப்போகும். அன்று என் ரப்பரைத் திருடினவளைக்கூட மன்னித்துவிடுவேன்.

இனி விளையாட்டைச் சொல்கிறேன். அந்த மாதங்களில் இன்னொரு டிரைவர் லீவில் போயிருந்ததால் நைனாவுக்குத் தொடர்ந்து காலை ஷிப்ட். இரண்டு மணிக்கு முடிந்து வந்து, சாப்பிட்டுப் படுத்து எழுந்தால் நான் பள்ளிக்கூடம் விட்டு வந்திருப்பேன். பெட்டியிலிருந்து ஏதோ ஒரு தட்டை நான் உருவிப் போடுவேன், எது என்று அவருக்குக் காட்டமாட்டேன். முள்ளை வைத்துவிட்டு ஓடிவந்து பாயில் அவர் முதுகோடு முதுகு சாய்த்து உட்காருவேன். இரண்டு பேரும் கண்ணை மூடிக்கொள்ள வேண்டும். மூச்சு கேட்டதும் விரல்முட்டியால் தரையில் ஒரு தட்டு. யார் முதலில் தட்டுகிறார்களோ அவர் ஜெயித்தார். தோற்றவர் லைன் குழாயிலிருந்து ஒரு குடம் தண்ணீர் கொண்டுவர வேண்டும். ஞாயிற்றுக்கிழமை நாலு பேருக்கும் லீவு.

ஆரம்பத்தில் அவர்தான் ஜெயித்தார். பிறகு மாறி மாறி ஜெயித்தோம். ஒரு சனிக்கிழமை மத்தியானம், நான் தூங்குகிறேன் என்று நினைத்துக்கொண்டு சமையலறையில் அம்மாவிடம் நைனா மெல்லிய குரலில் பேசினார்.

"மூணு அடிச்சான். எனக்கு ரெண்டுதான் கேட்டுச்சி."

அன்று ஒன்றும் ஆகிவிடவில்லை. சந்தேகமாக இருந்ததால் மறுபடி மணி அடிக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறார், மூன்று என்று தெரிந்து மெதுவாகவே இறக்கியிருக்கிறார். ஆனால் அன்றையிலிருந்து அவருக்குத் தன் காதின் மேலேயே சந்தேகம். வருஷத்துக்கொரு முறை நடக்கிற காதுப் பரிசோதனைக்கு இன்னும் ஆறு மாதம் இருக்கிறதே, இப்போதே ஏன் அதைக் கிளற வேண்டும் என்று அம்மா கேட்டாள். நைனா, பாப்பாவோடு ஒரு வாரம் விளையாடிப் பார்க்கிறேன், அந்த மூச்சு எனக்குக் கேட்டால் மூன்றாவது மணியும் கேட்கும் என்றார். திங்கள் தொடங்கி சனி வரை ஆறு நாளும் தோற்றால் தானே ஆபீசுக்குப் போய்ச் சொல்லிவிட்டு நாற்காலியை விட்டு எழுந்துவிடுவதாகச் சொன்னார்.

பாயில் படுத்துக்கொண்டு எல்லாவற்றையும் கேட்ட எனக்கு மனதில் நின்றது நாற்காலி மட்டும்தான்.

திங்கட்கிழமை நான் பாட்டுக்குத் தட்டிவிட்டேன். ஆட்டத்தில் புத்தி போனால் ஒன்பது வயதுக் குழந்தைக்கு வேறு எதுவும் ஞாபகம் இருக்காது. செவ்வாய், புதன் அன்று அவர் தட்டட்டும் என்று கொஞ்சம் காத்துக்கூடப் பார்த்தேன். தட்டவில்லை. நாலு பேரும் வாசிக்கத் தொடங்கப்போகிற கடைசி நொடியில் நானே தட்டினேன். வெள்ளிக்கிழமையோடு ஐந்து நாள். அன்று குடத்தைத் தோளில் வைத்துக்கொண்டு நைனா போவதை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். சனிக்கிழமை ஒன்றுதான் பாக்கி.

சனிக்கிழமை முதுகோடு முதுகு சாய்ந்து உட்கார்ந்தோம். பிடில்காரர் மூச்சை இழுத்தார். என் விரலை நான் மடக்கிப் பிடித்துக்கொண்டேன். ஆனால் அந்தப் பயத்தில், என்னையறியாமல், அவரோடு சேர்ந்து நானும் மூச்சை இழுத்துவிட்டேன். என் முதுகு உப்பி நைனாவின் முதுகில் அழுந்தியது. அதே நொடி தரையில் டக்கென்று ஒரு சத்தம். நைனா தட்டிவிட்டார்.

அவர் ஏமாற்றவில்லை. இதை நான் எங்கே வேண்டுமானாலும் சத்தியம் பண்ணிச் சொல்வேன். எஞ்சினின் அதிர்வைக் கையாலும் காலாலும் படித்தே வருஷக்கணக்காக உட்கார்ந்திருந்த உடம்பு அது. எது காதில் வந்தது, எது முதுகில் வந்தது என்று அவருக்கே பிரித்துத் தெரியவில்லை. எனக்குத் தெரிந்துவிட்டது. அன்றையிலிருந்து பிடில்காரர் மூச்சை இழுத்தபோதெல்லாம் நானும் இழுத்தேன். தினமும் தோற்றேன். தினமும் குடம் தூக்கினேன்.

எவ்வளவு சந்தோஷமான நாட்கள் அவை! நைனா குளிக்கும்போது நாலு பேரில் ஒருவராக மாறி வாயாலேயே பிடில் இழுப்பார். அம்மாவும் அடுப்பை அணைக்கும்போது திட்டுவதை விட்டுவிட்டாள். ஷிப்ட் முடிந்து வீட்டுக்குப் போய்க் குளித்துவிட்டுச் சாயங்காலம் டீ குடிக்க வருகிற மாமா, அம்மாவின் தம்பி, என் கையில் குடத்தைப் பார்த்துக் கேலி செய்வார். பாப்பா காதுல பஞ்சு வெச்சிகினு கீது என்பார். நைனா ஓட்டுகிற கேஜில்தான் மாமா தினமும் கீழே போய்வந்தார். ஊரே ஏமாளி, நான் ஒருத்திதான் கெட்டிக்காரி என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை.

மூன்று வாரம் கழிந்து வந்த சனிக்கிழமை மழை விட்டிருந்தது. புழுக்கமாக இருக்கிறது என்று சொல்லி நைனா என் முதுகில் சாயாமல் ஒரு சாண் தள்ளி உட்கார்ந்தார். சந்தேகப்பட்டு அப்படிச் செய்தாரா, நிஜமாகவே புழுக்கமா, எனக்கு இன்றுவரை தெரியாது. பிடில்காரர் மூச்சை இழுத்தார். நானும் பலமாக இழுத்தேன். தரையில் சத்தமில்லை. இன்னும் பலமாக இழுத்தேன். நாலு பேரும் வாசிக்க ஆரம்பித்துவிட்டார்கள். கண்ணைத் திறக்காமலே வாய்க்கு வந்ததைச் சொன்னேன்.

"நீங்கதான் நைனா மொதல்ல தட்னீங்க."

"நான் தட்டவே இல்லியே, கண்ணு."

அவர் எழுந்து போய் முள்ளைத் தூக்கினார். அறை கப்பென்று அடங்கியது. திட்டுவார் என்று தலையைக் குனிந்துகொண்டேன். திட்டவில்லை. என் எதிரில் வந்து உட்கார்ந்து, மூச்சு வந்துச்சா என்று கேட்டார். வந்தது என்று தலையாட்டினேன். எப்போதும் வருமா என்றார். எப்போதும் வரும் என்றேன். அப்புறம் எப்போதிலிருந்து தனக்கு விட்டுக்கொடுக்கிறேன் என்று கேட்டார். அந்த வாரம் அஞ்சு நாள் தோத்தீங்களே நைனா, அதுக்கு அடுத்த நாள்லேர்ந்து என்றேன்.

நைனாவின் கட்டைவிரல் மற்ற விரல்களின் கணுக்களில் ஏறி இறங்கத் தொடங்கியது. உதடு அசைந்தது. ஒரு முறை எண்ணி முடித்துவிட்டு, நம்பிக்கை இல்லாதவர் போல மறுபடி எண்ணினார். அவர் முகம் வெளிறிக்கொண்டே வந்ததைப் பார்த்து எனக்குப் பாவமாகிவிட்டது. எதை எண்ணுகிறார் என்று எனக்குத் தெரிந்திருந்தது. அநியாயமாக என்னைத் தூக்கவைத்த குடங்களை எண்ணுகிறார். ஆகவே நானே கணக்கைச் சொன்னேன்.

"பதினெட்டுக் கொடம் நைனா. நீங்க தூக்க வேணாம். நான் வுட்டுட்டேன்."

அவர் என் தலையில் கையை வைத்தார்.

அந்த நேரம் பார்த்து மாமா வந்தார். செருப்பை வாசலில் உதறிவிட்டு, இன்றைக்கு நாலு பேர் லீவா என்று கேட்டுக்கொண்டே சுவரோரம் உட்கார்ந்தார். அம்மா டீ கொடுத்தாள். நைனா அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். மாமா டீயை ஆற்றுவதை, ஊதுவதை, குடிப்பதை எல்லாம் இதற்குமுன் பார்த்தேயிராதவர் போலப் பார்த்தார். கொஞ்ச நாளாக கேஜ் எப்படி வருகிறது என்று கேட்டார்.

"அதுக்கின்னா மாமா? நீங்க ஓட்டுனா தொட்டில்ல ஒக்காந்த மாதிரி கீது," என்றார் மாமா. அக்கா புருஷனை அவரும் மாமா என்றுதான் கூப்பிடுவார்.

நைனா எட்டி மாமாவின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். டீ தளும்பித் தரையில் கொட்டியது. மாமா சிரித்துப் பார்த்தார், கையை இழுத்துப் பார்த்தார். இருட்டுறதுக்குள்ளயே ஊத்திகினீங்களா என்று கேட்டுப் பார்த்தார். நைனா விடவில்லை. அவர் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. என் நைனா அழுது நான் பார்த்தது அன்று ஒருநாள்தான். அம்மா சமையலறை வாசலில் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவளுக்கு என்ன புரிந்ததோ, முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள்.

அன்று சாயங்காலமே வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு புது ஃபோர்மேன் வீட்டுக்குப் போய்ச் சொல்லிவிட்டார். திங்கட்கிழமை ஆபீசில் எழுதிக் கொடுத்தார். அவரை விளக்கு அறைக்கு மாற்றினார்கள். கீழே போகிறவர்களுக்குத் தலைவிளக்கை எடுத்துக் கொடுத்து, மேலே வந்ததும் வாங்கி மாட்டுகிற வேலை. மைன்ஸ் மூடுகிறவரை மூன்று நான்கு வருஷம் அங்கேதான் இருந்தார்.

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. விளையாட்டில் தோற்றதற்கு யாராவது நாற்காலியை விட்டுக்கொடுப்பார்களா? அதுவும் சொந்த மகள் பாடுபட்டுக் காப்பாற்றிக் கொடுத்த நாற்காலியை. மூன்று வாரம் குடம் தூக்கினது வீணாய்ப் போயிற்று என்று அம்மாவிடம் அழுதேன். அம்மா என்னைச் சமாதானப்படுத்தவும் இல்லை, திட்டவும் இல்லை. பல நாள் நான் நைனாவோடு சேர்ந்து தட்டு கேட்க உட்காரவில்லை. அவர் தனியாகப் போட்டு, ஸ்பீக்கரின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு, பெரும் பிடிலை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தார். மனசு கேட்காமல் ஒருநாள் நானே போய் அவர் முதுகில் சாய்ந்துகொண்டேன். அதன்பிறகு நாங்கள் அந்த விளையாட்டை விளையாடவில்லை, வெறுமனே கேட்டோம்.

போன வருஷம் என் மகன், மூன்று முறை மணி அடித்தால் என்ன அர்த்தம் என்று கேட்டான். மூன்று என்றால் கேஜுக்குள் ஆட்கள் என்று சொன்னேன். சொல்லிக்கொண்டிருக்கும்போதே என் கட்டைவிரல் தானாக விரல் கணுவில் போய் நின்றது. ஞாயிறுகளைத் தள்ளி எண்ணினேன். நான் முதலில் மூச்சு இழுத்த மறுநாளிலிருந்து அந்தச் சனிக்கிழமை வரை, என் முதுகை நம்பி நைனா எஞ்சினில் உட்கார்ந்தது பதினெட்டு ஷிப்ட். மாமாவின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு அவர் அழுதபோது, அந்தப் பதினெட்டு ஷிப்டிலும் மாமாவை மனதுக்குள் மறுபடி கீழே இறக்கி மறுபடி மேலே ஏற்றிக்கொண்டிருந்தார். பக்கத்தில் உட்கார்ந்து நான் குடம் எண்ணிக்கொண்டிருந்தேன்.